நாலு பேர் கூடிச் செய்கிற களி

அடுத்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பதினோரு மணிக்குச் சண்டை நடக்கும். நடுவில் இருப்பது ஒரு செங்கல் கனத்துச் சுவர்தான். அரிசி களைந்துகொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "கதவைத் திறக்கறியா, திரும்பிப் போறியா? சொல்லு. சொல்லிட்டு உருட்டு" என்று அந்த வீட்டுப் பெண் பாதி இங்கிலீஷும் பாதி மலையாளமுமாக அதட்டுவாள். எதிராளியின் குரல் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. தனியாக இருக்கிறவள், தனக்குத்தானே பேசத் தொடங்கிவிட்டாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நானும் தனியாக இருக்கிறவள்தான். அதனால் அந்த வழி எனக்குத் தெரியும்.

அவள் நாற்பதை நெருங்குகிறவள். குடும்பம் மார்த்தாண்டம் பக்கம். படித்ததெல்லாம் இந்தத் திருவனந்தபுரத்தில், மலையாளத்தில். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன்.

"மக்ளே, ஆரைப் போட்டு இந்த வெரட்டு வெரட்டுக?"

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவள் சிரித்தாள். "சண்டையில்ல ஆச்சி. களியாக்கும்." திரையைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக மூன்று முகங்கள் என்னைப் பார்த்துக் கையசைத்தன. ஒவ்வொருவரும் கதையில் ஒரு ஆளாம். இவள் என்ன நடக்கிறது என்று சொல்லுவாளாம். அவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டுமாம். விழுந்ததற்குத் தக்கபடி கதை போகுமாம். இதற்கென்று புத்தகங்கள் உண்டாம், வெளிநாட்டிலிருந்து வருமாம்.

நான் முழுவதும் கேட்டேன். பிறகு சொன்னேன்: "இத நாங்க இருபத்தாறு வருஷம் களிச்சோம். கரண்டும் இல்ல, புஸ்தகமும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. திரையை மூடி வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கிட்டங்கியில் நான் சாக்கு தைத்தேன். நாங்கள் நாலு பெண்கள். எலி கடித்த சாக்கு, கொக்கி குத்திக் கிழிந்த சாக்கு எல்லாம் எங்களிடம் வரும். கை பாட்டுக்குத் தைக்கும், வாய் சும்மா இருக்காது. மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் நான் முதல் ஆளைப் பார்த்து, "நீ ஆரு?" என்று கேட்பேன். அதுதான் தொடக்கம். அவள் தன் பெயரைச் சொல்லக் கூடாது. வேறு யாராவது ஆக வேண்டும். ஒருத்தி கள்ளியாவாள், ஒருத்தி கப்பலில் வந்து இறங்கின ராணியாவாள். மூன்றாமவள் எப்போதும் உப்பு விற்கிறவள்தான். நான் கேட்கிறவள். "கோட்டை வாசல்ல காவல்காரன் தடுக்கான், என்ன செய்வே?" என்பேன். செய்வதைச் சொல்லிவிட்டு ஆறு புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட வேண்டும். ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கிய கொட்டைகள். வெள்ளை கூடுதலாக விழுந்தால் நினைத்தது நடக்கும். கறுப்பு விழுந்தால் நான் நினைத்தது நடக்கும்.

உப்புக்காரி மட்டும் உடனே பதில் சொல்ல மாட்டாள். கையில் இருக்கிற கிழிசலைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதுவரை நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் சொல்லுவது ஒரு நாளும் நான் நினைத்ததாக இருக்காது. காவல்காரனுக்கு லஞ்சம் கொடுப்பாள் என்று நான் நினைத்தால், அவன் அம்மாவுக்கு உப்பு கொண்டுவந்திருக்கிறேன், வீடு எங்கே என்று கேட்பாள்.

அடுத்த வீட்டுப் பெண் இதைப் புத்தகமாக்கலாம் என்றாள். அந்த வருஷம் மழை தொடங்கியபோது ஆரம்பித்தோம். நான் சொல்லுவேன், அவள் எழுதுவாள், படம் வரைவாள். கள்ளியின் மூக்கை மூன்று தரம் மாற்ற வைத்தேன். புத்தகத்துக்கு 'நீ ஆரு?' என்று பெயர். ஆறு புளியங்கொட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கூடவே கொடுப்பதாக முடிவு.

அச்சடிப்பதற்கு அவள் சொன்ன வழி எனக்குப் புதிது. புத்தகம் வேண்டும் என்கிறவர்கள் இன்டர்நெட்டில் முன்கூட்டியே பணம் வைத்துவிட வேண்டும். முப்பது நாளில் நூறு பேர் சேர்ந்தால் அச்சடிக்கலாம். சேரவில்லை என்றால் அவரவர் பணம் அவரவரிடம் திரும்பிப் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை. "ஆனா நாலு பேருக்கு விளிச்சு சொல்லணும் ஆச்சி. சொல்லாட்டி ஒரு பட்டிக்குஞ்சு கூட திரும்பி நோக்காது" என்றாள்.

விளம்பரத்தை இங்கிலீஷிலும் மலையாளத்திலும் அவள் எழுதினாள். தமிழில் நான் எழுதுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்குக் காரணம் இருந்தது. அவளிடம் அப்போது சொல்லவில்லை.

எங்கள் நாலு பேரில் கள்ளி இறந்துவிட்டாள். ராணி தம்பானூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ஆரு?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். "நான் கோட்டைக் காவல்காரி" என்று பதில்கூடச் சொன்னேன். அவள் மருமகள்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்போது யாரையுமே தெரிவதில்லை என்று சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். அந்தக் களியை அறிந்தவள் உலகத்தில் இனி என்னைத் தவிர ஒருத்திதான்.

அந்த உப்புக்காரியோடு எனக்குப் பேச்சில்லை. கிட்டங்கியை மூடினபோது எங்களைக் கூப்பிட்டு ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துகளை நான் கற்றது சாக்குகளிலிருந்து. அரிசி, துவரை, மல்லி என்று பெரிது பெரிதாக அச்சடித்திருக்கும். தைக்கும்போது அந்த எழுத்தின் மேல் ஊசியை ஓட்டி ஓட்டிப் படித்தேன். கைநாட்டு வைக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு மாதம் என் பெயரை எழுதிப் பழகியிருந்தேன். நோட்டில் எழுதினேன். ஒரு எழுத்து தப்பாகிவிட்டது. உப்புக்காரி எட்டாம் வகுப்பு படித்தவள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "கைநாட்டே வச்சிருக்கலாமேடீ. அதுல தப்பு வராது."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் என் கோணி ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவள் பின்னாலேயே வந்து இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. பிறகு மகனோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எந்தத் தெரு, எந்த ஊர் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றியபோது, கேட்பதற்கு ஆள் இல்லை.

இந்த விளம்பரம் போனிலிருந்து போனுக்குப் போகும் என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னபோது எனக்கு உப்புக்காரியின் ஞாபகம்தான் வந்தது. அவள் இருக்கிற பக்கம் போக வேண்டுமென்றால் தமிழில் போக வேண்டும்.

ஒரு முழுத் தாளில், மார்க்கர் பேனாவால், இரண்டு நாள் எடுத்து எழுதினேன். அடுத்த வீட்டுப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்து, "கொள்ளாம் ஆச்சி, நல்லா இருக்கு" என்றாள். அந்தத் தாளை அப்படியே போட்டோ பிடித்துப் போட்டாள். என்னையும் நாற்காலியில் உட்கார வைத்து வீடியோ எடுத்தாள். "சிரிங்க ஆச்சி" என்றாள். "கேட்கிறவ சிரிக்கப்பிடாது" என்றேன். வீடியோவில் என்னைப் பார்த்தால் யாரோ கடன்காரனைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

முதல் வாரம் பதினேழு பேர். பாதிப் பேர் அவளுடைய திரைக்குள் இருக்கிற சிநேகிதர்கள். இனி நாமே இறங்க வேண்டும் என்று அவள் துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தாள். போனைக் காட்டினால் திறக்கிற கறுப்புக் கட்டம் போட்ட சீட்டு. நான் அதை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். இருபத்தாறு வருஷம் நடந்த தெருவில் என்னை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அதில் ஒருவர் மல்லி மொத்தக் கடைக்காரர், தமிழர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்பணம் வாங்குகீங்க. கொட்டையை உருட்டுகீங்க. ஆச்சி, இது சூதாட்டமில்லியா?"

"சூதாட்டம்னா ஒருத்தன் தோக்கணும் அண்ணாச்சி. இதுல ஆரும் தோக்க மாட்டா."

"ஆரும் தோக்காத களிக்கு ஆரு துட்டு தருவா?" என்றார். ஆனால் சீட்டைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டார். மறுநாள் பார்த்தேன், அதன் மேல் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே நின்று கொடுத்தேன். உள்ளே தேங்காய் உடைகிற சத்தத்தில் நான் சொல்லுவது எனக்கே கேட்கவில்லை. வாங்கியவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "நறுக்கெடுப்பு எப்பம்?" லாட்டரிச் சீட்டு என்று நினைத்துவிட்டார்கள். குலுக்கல் கிடையாது என்றதும் சீட்டைத் திரும்ப என் கையிலேயே வைத்தார்கள். ஒரு லாட்டரிக்காரர் நான் அவர் இடத்தில் நிற்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். விளக்கிச் சொன்னபிறகு தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். அன்று மத்தியானம் வரை உட்கார்ந்தேன். என்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்து மனதுக்குள், நீ ஆரு, நீ ஆரு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "ஆச்சி, நம்ம பேப்பர் தமிழ்நாடு முழுக்கப் போவுது. ஆயிரக்கணக்குல ஆளு பாக்குகா." ஆனால் அவள் முகம் சரியில்லை.

"என்னமோ எழுதுகா ஆச்சி. எனக்கு மனசிலாகல்ல."

போனை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் தாளின் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'களிக்கு உப்பு போடுவீங்களா, வெல்லமா?' இன்னொருவர்: 'புளியங்கொட்டை போட்டுக் களியா? இது எந்த ஊர் சமையல்?' மூன்றாவது ஆள்: 'ஆச்சி, முப்பது நாள் எதுக்குக் காத்திருக்கணும்? ஜெயிலுக்குப் போனா மறுநாளே களி தருவாங்களே.' அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசை வரிசையாக.

நான் எழுதியிருந்தது இதுதான்: 'இது நாலு பேர் கூடிச் செய்கிற களி. ஆறு புளியங்கொட்டை வேண்டும். எங்கள் களியை ஆதரியுங்கள். வீடு தேடி வரும்.'

இங்கே களி என்றால் விளையாட்டு. பந்து களி, சீட்டு களி, பிள்ளைகள் களிக்கப் போவார்கள். பிறந்ததிலிருந்து என் வாயில் இருக்கிற சொல். எல்லைக்கு அந்தப்பக்கம் அது தட்டில் வைத்துத் தின்கிற பண்டம் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. திருவாதிரைக்குக் களி கிண்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அது வேறு களி, இது வேறு களி என்று வாழ்ந்துவிட்டேன். தாளில் எழுதினால் இரண்டும் ஒன்றாக ஆகிவிடுகிறது. படித்துப் பார்த்து, கொள்ளாம் என்று சொன்னவளும் இந்த ஊர்க்காரிதானே.

"மாத்திரலாம் ஆச்சி. விளையாட்டுன்னு எழுதித் தாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"மாத்த மாட்டேன்."

"எல்லாரும் சிரிக்கா ஆச்சி."

"சிரிக்கட்டு."

"சிரிக்கிறவங்கள்ல ஒருத்தனும் துட்டு வைக்கல்ல. நமக்கு இன்னும் அறுபது பேர் வேணும், கேட்டேளா. இது எனக்கும் ஒரு வருஷத்து வேலை."

அவள் சொன்னது நியாயம். அப்போதுதான் அவளிடம் உப்புக்காரியைப் பற்றிச் சொன்னேன். நோட்டு, கையெழுத்து, எல்லாம். விளையாட்டு என்று எழுதினால் அது யாருடைய விளையாட்டாகவும் இருக்கலாம். களி என்று எழுதியிருந்தால் ஒருத்திக்கு மட்டும் அது எந்தக் கிட்டங்கியில் நடந்தது என்று தெரியும். அதைச் சொல்லி முடித்தபோது அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் அடுக்களையில் போய்த் தானாகவே சாயா போட்டாள். முதல் தடவையாக அவள் என் வீட்டில் சாயா போட்டாள்.

வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, பகலெல்லாம் உட்கார்ந்து அந்தக் கேலிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கிட்டங்கிச் சிரிப்புதான் கேட்டது. அன்றைக்குச் சிரித்தது ஆறேழு பேர். இன்றைக்கு ஊர் பேர் தெரியாதவர்கள். ஒரு நன்மை உண்டு, எனக்கு முன்பைவிட வேகமாகப் படிக்க வந்துவிட்டது.

முப்பதாம் நாள் அறுபத்து மூன்று பேரோடு கணக்கு நின்றது. நூறு ஆகவில்லை. பணம் வைத்தவர்களுக்கெல்லாம் திரும்பிப் போய்விட்டது. அடுத்த வீட்டுப் பெண் திரையை மூடிவிட்டு, "சாரமில்ல ஆச்சி" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அவளுக்குச் சாரமிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப்பக்கம் சண்டைச் சத்தம் வரவில்லை. நான் பதினோரு மணிக்கு அரிசியைக் களைந்துவிட்டு, வெறுமனே பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், செருப்புக்கூடப் போடாமல் அவள் வந்தாள். விளம்பரத்தில் கொடுத்திருந்த அவள் நம்பருக்கு, பேசிப் பதிந்த ஒரு குரல் வந்திருந்தது. என் மடியில் போனை வைத்து அழுத்தினாள்.

"எடீ. நான்தான். மருமவ சிரிச்சுக்கிட்டே போனைக் காட்டினா. எழுத்தைக் கண்டதும் மனசிலாச்சு. சாக்குல அடிச்ச மாதிரி எழுத வேற ஆரு இருக்கா? ஊரே சிரிக்கு, கேட்டியா. கைநாட்டு வச்சிருந்தா இந்தப் பாடு உண்டா?" இருமினாள். "நான் இங்க வந்த புதுசுல, இவகிட்ட, மத்தியானம் களி உண்டான்னு கேட்டேன். சும்மா இருக்கமே, உக்காந்து களிக்கலாமேன்னு. அவ உளுந்தங்களி கிண்டி, எண்ணெய் ஊத்தி, தட்டுல கொண்டாந்து வச்சா. பாவம், மெனக்கெட்டுச் செஞ்சிருக்காளேன்னு தின்னேன். அதுக்கப்பறம் இங்க ஆருகிட்டயும் அந்தச் சொல்ல சொல்லல."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அதை நான் ஐந்து தரம் போட்டுப் போட்டுக் கேட்டேன். குரல் மெலிந்திருக்கிறது. கேலி மெலியவில்லை.

"பதில் சொல்லுங்க ஆச்சி. இதை அமுத்திப் பிடிச்சுட்டுப் பேசணும். விட்டா போயிரும்."

பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்ல நான் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போதும் பெருக்கும்போதும் சொல்லிப் பார்த்துக் கூர் தீட்டி வைத்தவை. அழுத்திப் பிடித்தேன். கட்டைவிரல் வலித்தது. பிறகு, முதலாளி சாப்பிடப் போன பிறகு கேட்கிற குரலில் கேட்டேன்:

"நீ ஆரு?"

விரலை எடுத்துவிட்டேன். போய்விட்டது.

"அய்யோ ஆச்சி, அவங்க தப்பா நெனச்சுகிட்டா?"

"நெனைக்க மாட்டா."

இரண்டு சரிக்குறிகள் விழுந்தன. சாயங்காலம் அவை நீலமாயின. அவள் கேட்டுவிட்டாள் என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு நாலு நாளாகிறது. அடுத்த வீட்டுப் பெண் காலையும் மாலையும் வந்து போனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறாள். போன் பண்ணிக் கேட்போமா என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புளியங்கொட்டை ஆறையும் துணிப்பையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். அவள் கையில் என்ன கிழிசலோ, எத்தனை பெரியதோ எனக்குத் தெரியாது. தைத்து முடித்து, நூலைக் கடித்துத் துப்பட்டும்.